மருந்துக்குச் சாகாத கிருமி!

இரத்தத்தில் புகுந்து உயிரைக் குடிக்கிறது! அதைத் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது!

ஐப்பசி மாதம். கந்தசஷ்டி ஆறாம் நாள். திருச்செந்தூர் கடற்கரையில் எள் போட்டால் எள் விழாது. சூரசம்ஹாரம் பார்க்க இலட்சக்கணக்கான மக்கள் கூடி நிற்பார்கள்.

முதலில் யானைத் தலை வரும். அது விழுந்ததும் சிங்கத் தலை வரும். பிறகு சூரனின் சொந்தத் தலை. கடைசியில் சூரன் மாமரமாகி நிற்பான். எதிரி உருவத்தை மாற்றிக் கொண்டே இருப்பான். வேலும் விடாமல் தொடரும். தாத்தாவின் தோளில் உட்கார்ந்து பார்க்கும் குழந்தைக்குக்கூட இந்தக் கதை தெரியும்.

இன்று ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களுக்கு இப்படி ஓர் எதிரி வாய்த்திருக்கிறது. அந்த எதிரி கண்ணுக்குத் தெரியாத கிருமி. ஒரு மருந்தால் அடித்தால், அந்த மருந்துக்குச் சாகாத உருவத்தில் அது திரும்பி வருகிறது. வேறு மருந்தால் அடித்தால், அதற்கும் சாகாமல் வருகிறது.

டாக்டரிடம் உள்ள மருந்துகளோ கொஞ்சம்தான். அவை ஒவ்வொன்றாக மழுங்கி வருகின்றன.

இது ஏன் நடக்கிறது? இதற்கும் நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இரத்தத்தில் கிருமி

நம் உடம்பில் கோடானுகோடி கிருமிகள் வாழ்கின்றன. தோலில் இருக்கின்றன. வாயில் இருக்கின்றன. குடலில் இருக்கின்றன. அவை அங்கங்கே இருக்கும் வரை தொல்லை இல்லை. சில கிருமிகள் நமக்கு நன்மைகூடச் செய்கின்றன.

ஆனால் இரத்தம் அவற்றுக்கு உரிய இடம் அல்ல. அங்கே புகுந்தால் ஆபத்து!

ஆறாத புண் வழியாகக் கிருமி இரத்தத்தில் புகலாம். நுரையீரலில் சளி கட்டி, அங்கிருந்து புகலாம். சிறுநீர்ப் பாதையிலிருந்தும் புகலாம்.

ஆஸ்பத்திரியில் இன்னும் சில வழிகள் உண்டு. நோயாளிக்கு குளுக்கோஸ் ஏற்ற நரம்பில் ஊசி குத்தி வைத்திருப்பார்கள். சிறுநீர் போகக் குழாய் செருகியிருப்பார்கள். மூச்சு விடத் தொண்டையில் குழாய் வைத்திருப்பார்கள். இவை எல்லாம் உயிர் காக்கும் குழாய்கள்தான். ஆனால் கொஞ்சம் அசுத்தம் பட்டால், கிருமி உள்ளே போக அவையே பாலமாகி விடும்.

"செப்டிக் ஆகி விட்டது" என்று மக்கள் சொல்கிறார்கள். "செப்சிஸ்" என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கிருமியை எதிர்த்து உடம்பு போராடுகிறது. அந்தப் போராட்டம் எல்லை மீறி, உடம்பையே தாக்கத் தொடங்குகிறது. இரத்த அழுத்தம் விழுகிறது. சிறுநீரகம் ஓய்கிறது. மூச்சுத் திணறுகிறது. இதுதான் செப்சிஸ்.

இது யாருக்கும் வரலாம். ஆனால் பிறந்த குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், பெரிய ஆபரேஷன் செய்து கொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

போலீஸ்காரர் செத்த கதை

1941-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் உள்ள ஆக்ஸ்போர்டு நகரம்.

ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வயது 43. முகத்தில் வந்த புண்ணிலிருந்து கிருமி உடம்பெங்கும் பரவி விட்டது. ஒரு கண்ணை எடுத்து விட்டார்கள். பிழைக்க மாட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போது ஒரு புது மருந்து கிடைத்தது. அதன் பெயர் பென்சிலின். அலெக்சாண்டர் பிளெமிங் என்ற விஞ்ஞானி 1928-ல் ஒரு பூஞ்சைக் காளானில் கண்டுபிடித்தது. அதை மருந்தாகப் பிரித்து எடுக்க, புளோரி என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் பாடுபட்டார்கள்.

பிப்ரவரி 12-ந் தேதி போலீஸ்காரருக்கு பென்சிலின் போட்டார்கள். என்ன ஆச்சரியம்! காய்ச்சல் விட்டது. பசி எடுத்தது. அவர் எழுந்து உட்கார்ந்தார்.

ஆனால் ஐந்தே நாளில் மருந்து தீர்ந்து விட்டது! அவருடைய சிறுநீரில் வெளியேறிய பென்சிலினைக்கூடப் பிரித்து எடுத்து மறுபடியும் போட்டார்கள். அதுவும் போதவில்லை. வியாதி திரும்பியது. மார்ச் 15-ந் தேதி அவர் இறந்து போனார்.

அன்று மருந்து வேலை செய்தது. ஆனால் கையில் மருந்து இல்லை.

இன்று மருந்து கடை கடையாகக் கிடைக்கிறது. ஆனால் பல நோயாளிகளிடம் அது வேலை செய்யவில்லை!

பிளெமிங் அன்றே சொன்னார்!

1945-ல் பிளெமிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு வாங்கியபோது அவர் பேசினார். புகழ் மாலை சூடிய அந்த நேரத்திலும் ஓர் எச்சரிக்கை விடுத்தார். அதை ஒரு குடும்பக் கதையாகவே சொன்னார்.

ஒருவருக்குத் தொண்டை வலி. அவர் தாமாகவே பென்சிலின் வாங்கிச் சாப்பிடுகிறார். கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். கிருமி சாகவில்லை. மருந்தைத் தாங்கப் பழகிக் கொள்கிறது. பிறகு அது அவருடைய மனைவிக்குத் தொற்றுகிறது. மனைவிக்கு நிமோனியா வருகிறது. டாக்டர் பென்சிலின் போடுகிறார். பலிக்கவில்லை. மனைவி இறந்து போகிறார்.

அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு? மருந்தை அலட்சியமாகச் சாப்பிட்ட கணவர்தான் என்று பிளெமிங் சொன்னார்.

கிருமி எப்படித் தப்புகிறது?

குடலில் வாழும் ஒரு வகைக் கிருமி, வசதி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகும். இரண்டு நான்காகும். இப்படியே போனால் பத்து மணி நேரத்தில் 100 கோடிக்கு மேல் ஆகி விடும்!

அத்தனை கோடியும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஏதோ ஒன்றிரண்டு கொஞ்சம் மாறிப் பிறக்கும். அந்த மாற்றத்தால், மருந்தைத் தாங்கும் சக்தி அதற்கு வந்து விடலாம்.

மருந்து போடுகிறோம். சாகக் கூடிய கிருமிகள் எல்லாம் செத்து விடுகின்றன. தாங்கியது மட்டும் தங்குகிறது. போட்டிக்கு ஆள் இல்லை. அதுவே பெருகி ஊரை நிரப்புகிறது.

ஏரலிலும் ஆத்தூரிலும் விவசாயம் செய்கிறவர்களுக்கு இது புரியும். ஒரே பூச்சி மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், சில வருடங்களில் பூச்சி அதற்கு மசிவதில்லை அல்லவா? அதே கதைதான் இதுவும்.

கிருமியிடம் பல தந்திரங்கள் உண்டு. சில கிருமிகள் மருந்தைக் கத்தரிக்கோல் போல வெட்டிப் போடும். சில கிருமிகள் உள்ளே வந்த மருந்தை பம்பு வைத்து இறைப்பது போல் வெளியே தள்ளும். சில கிருமிகள் மருந்து நுழையும் வாசலையே அடைத்து விடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இந்தத் தந்திரத்தை ஒரு கிருமி மற்றொரு கிருமிக்குக் கற்றுக் கொடுத்து விடும்! எப்படி? தந்திரம் எழுதிய ஒரு சிறு வளையம் கிருமிக்குள் இருக்கிறது. அதை நகல் எடுத்து அடுத்த கிருமிக்குக் கொடுக்கிறது. வேறு இனத்துக் கிருமிக்குக்கூடக் கொடுக்கும். கள்ளச் சாவியைக் கை மாற்றுவது போலத்தான்!

சென்னையில் கண்ட உண்மை

சுவீடன் நாட்டில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் ஒருவர் புதுடில்லியில் ஆஸ்பத்திரியில் இருந்து விட்டு ஊர் திரும்பினார். 2008-ல் அவரிடம் ஒரு விசித்திரமான கிருமியைக் கண்டார்கள். டாக்டர்கள் கடைசிக் கட்டத்தில் பயன்படுத்தும் வலுவான ஊசி மருந்துகளையே அது வெட்டிப் போட்டது. அந்தத் தந்திரத்துக்கு "என்.டி.எம்.-1" என்று பெயர் வைத்தார்கள். அதில் வரும் "என்.டி." என்பது நியூ டெல்லி! அந்தப் பெயருக்கு நம் நாட்டில் எதிர்ப்பு எழுந்தது.

பெயர் எதுவானால் என்ன? கிருமி பரவியிருந்தது உண்மை.

சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இளம் ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமி இதை ஆராய்ந்தார். பல நாட்டு விஞ்ஞானிகள் அவருடன் சேர்ந்தார்கள். 2010-ல் ஆராய்ச்சி முடிவு வெளிவந்தது. சென்னையில் 44 நோயாளிகளின் மாதிரிகளிலும், அரியானாவில் 26 மாதிரிகளிலும், இங்கிலாந்தில் 37 மாதிரிகளிலும் இந்தக் கள்ளச் சாவி இருந்தது! இந்தியா, பாகிஸ்தானின் மற்ற ஊர்களிலும் இருந்தது.

இதன் விளைவு எவ்வளவு கொடியது என்பதை 2016-ல் உலகம் கண்டது. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தைச் சேர்ந்த 70 வயது கடந்த ஓர் அம்மாள் இந்தியாவுக்கு வந்து தங்கியிருந்தார். இங்கே தொடை எலும்பு முறிந்தது. எலும்பில் கிருமி பிடித்தது. பல முறை ஆஸ்பத்திரியில் இருந்தார். ஊர் திரும்பியதும் ஆகஸ்டில் மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

அமெரிக்காவில் உள்ள 26 ஆன்டிபயாடிக் மருந்துகளையும் வைத்துச் சோதித்தார்கள். ஒன்றுகூடப் பலிக்காது என்று தெரிந்தது! செப்சிஸ் முற்றி, செப்டம்பரில் அந்த அம்மாள் காலமானார். பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. பலிக்கக் கூடிய மருந்துதான் இல்லை.

பச்சிளம் குழந்தைகள்

டில்லியில் 3 பெரிய ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை ஓர் ஆராய்ச்சி நடந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த 13,530 பச்சிளம் குழந்தைகளைக் கவனித்தார்கள். 100-க்கு 14 குழந்தைகளுக்கு செப்சிஸ் வந்தது. அதிகமாகக் கண்ட கிருமி "அசினெட்டோபாக்டர்". அந்தக் கிருமியில் பத்துக்கு எட்டு, பல வகை மருந்துகளுக்கு மசியாதவை!

அந்தக் குழந்தைகள் ஒரு மாத்திரைகூட வீணாகச் சாப்பிட்டதில்லை. கண் திறந்து சில நாள்தான் ஆகிறது. பெரியவர்கள் செய்த தவறு அவர்கள் தலையில் விழுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகளில் கணக்கு எடுத்து வருகிறது. "கிளெப்சியெல்லா" என்ற கிருமி இரத்தத்தில் புகுவதில் பேர் போனது. "இமிபெனம்" என்ற வலுவான ஊசிக்கு 2016-ல் அந்தக் கிருமியில் 100-க்கு 65 மசிந்தன. 2021-ல் 43 தான் மசிந்தன. ஐந்தே வருடத்தில் இவ்வளவு சரிவு!

உலகம் முழுவதும் 2019-ல் மட்டும் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்குச் சாகாத கிருமிகளால் நேரடியாக இறந்தார்கள் என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

கடைமடைக்குத் தண்ணீர் வேண்டாமா?

இனி நம் ஊருக்கு வருவோம். மருந்துக் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"அண்ணாச்சி! பிள்ளைக்குச் சளியும் காய்ச்சலுமா இருக்கு. போன மாசம் தந்தீங்கல்லா, அதே மாத்திரையில நாலு தாங்க."

"டாக்டர்ட்ட காட்டுனியா, தாயி?"

"இதுக்குப் போய் டாக்டரா? ரெண்டு நாள்ல விட்டுரும். மீதிய வச்சிருந்தா வீட்ல அவுகளுக்கு ஆவும்."

இதில் என்ன தவறு?

முதல் தவறு: சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் மருந்து வைரஸைக் கொல்லாது. காய்ச்சல் தானாகவே விடும். புகழ் மட்டும் மாத்திரைக்குப் போகும்!

இரண்டாவது தவறு: அந்த மாத்திரை சும்மா இருப்பதில்லை. குடலில் உள்ள அப்பாவிக் கிருமிகளைக் கொல்கிறது. தாங்கக் கூடிய கிருமிகளை வளர்த்து விடுகிறது.

மூன்றாவது தவறு: அந்தக் கிருமிகள் அந்த வீட்டோடு நிற்பதில்லை. கை வழியாக, தண்ணீர் வழியாக, சாக்கடை வழியாக ஊருக்குள் போகின்றன. கடைசியில் ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழைகின்றன.

தாமிரபரணியின் கடைசி அணை ஸ்ரீவைகுண்டம் அணை. அங்கே பிரியும் தென்கால் தண்ணீர், குளம் குளமாக நிரம்பி திருச்செந்தூர் பக்கத்து வயல்களுக்கு வருகிறது. மேல்மடைக்காரர் மடையைத் திறந்து போட்டுத் தண்ணீரை வீணாக்கினால், கடைமடைக்காரர் வயல் காய்ந்து போகும். கடைமடைக்காரர் செய்த குற்றம் ஒன்றும் இல்லை.

ஆன்டிபயாடிக் மருந்தும் அப்படித்தான். அது ஊர்ப் பொதுச் சொத்து. காய்ச்சலுக்கு வீணாகச் சாப்பிடுகிற நாம் மேல்மடைக்காரர். உயிருக்குப் போராடும் நோயாளி கடைமடைக்காரர். திருச்செந்தூரிலிருந்து ஆம்புலன்சில் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போகிறார்களே, அந்த நோயாளிதான்! அவருக்கு மருந்து பலிக்க வேண்டுமானால், நாம் இன்றே மடையை அடைக்க வேண்டும்.

"புது மருந்து கண்டுபிடித்தால் போகிறது" என்று சிலர் சொல்வார்கள். புது மருந்து கண்டுபிடிக்கப் பல வருடம் ஆகும். கோடி கோடியாகப் பணம் ஆகும். கண்டுபிடித்தாலும் அதை அளந்துதான் பயன்படுத்த வேண்டும். அதனால் இலாபம் குறைவு. பெரிய கம்பெனிகள் பல இந்த வேலையை விட்டே விலகி விட்டன.

சட்டம் என்ன சொல்கிறது?

2012 ஆகஸ்டில் நாட்டின் பல மருத்துவர் சங்கங்கள் சென்னையில் கூடின. இந்த ஆபத்தைத் தடுக்கத் திட்டம் வகுத்தன. அதற்குச் "சென்னைப் பிரகடனம்" என்று பெயர்.

2014 மார்ச் 1-ந் தேதி முதல் "எச்-1" என்ற பட்டியல் அமலுக்கு வந்தது. வலுவான ஆன்டிபயாடிக்குகள் பல அதில் உள்ளன. டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. யார் எழுதியது, யாருக்கு, எவ்வளவு என்று கடைக்காரர் தனி நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும்.

மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், அதை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. 2016-ல் மத்திய அரசு இதைப் பிரசாரம் செய்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் இந்தக் கோடு புரியும்.

கோழித் தீவனத்திலும் மருந்து கலந்த காலம் உண்டு. "கொலிஸ்டின்" என்ற மருந்து மனிதர்களுக்குக் கடைசி ஆயுதம். கோழிகள் சீக்கிரம் எடை போட அதைத் தீவனத்தில் கலந்தார்கள்! 2019 ஜூலையில் மத்திய அரசு அதற்குத் தடை போட்டது.

கை கழுவினால் உயிர் பிழைக்கும்

1847-ல் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் ஒரு பிரசவ வார்டில் வேலை பார்த்தார். ஏப்ரல் மாதம் அங்கே பிரசவமான தாய்மாரில் 100-க்கு 18 பேர் ஜன்னி கண்டு இறந்தார்கள்.

பிணத்தைச் சோதித்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்க வருவதை அவர் கவனித்தார். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கை கழுவாமல் யாரும் தாயைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஜூன் மாதம் சாவு 100-க்கு 2 ஆகக் குறைந்தது!

அப்போது பென்சிலின் கிடையாது. ஊசி மருந்து கிடையாது. கை கழுவியதுதான் வைத்தியம்.

இன்றும் ஆஸ்பத்திரியில் கிருமியைத் தடுக்க முதல் ஆயுதம் அதுதான். கிருமி உள்ளே போகாவிட்டால் மருந்தே வேண்டியதில்லை அல்லவா?

நீங்கள் செய்ய வேண்டியவை

1. சளி, தும்மல், இலேசான காய்ச்சலுக்கு நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். "நல்ல பவர் மாத்திரை எழுதுங்கள்" என்று டாக்டரையும் நச்சரிக்காதீர்கள்.

2. டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால், பயந்து ஒதுக்காதீர்கள். சொன்ன வேளைக்கு, சொன்ன அளவு, சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள்.

3. மீந்த மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

4. நோயாளியைப் பார்க்கப் போனால், தொடும் முன்பும் தொட்ட பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். குளுக்கோஸ் குழாயைத் தொடாதீர்கள். கும்பலாகப் போகாதீர்கள்.

5. குழாய் செருகிய இடம் சிவந்தாலோ, வலித்தாலோ நர்சிடம் உடனே சொல்லுங்கள். "இந்தக் குழாய் இன்னும் தேவையா, அம்மா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். தேவை முடிந்த குழாயை எடுத்து விடுவதே நல்லது.

6. இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் தட்டாதீர்கள். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து பலிக்கும் என்று அந்தச் சோதனைதான் சொல்லும். முடிவு தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

7. குழந்தைகளுக்கு உரிய தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள். வியாதி வராவிட்டால் மருந்தும் செலவாகாது.

இந்த அறிகுறி கண்டால் ஓடுங்கள்!

காய்ச்சலோடு உடம்பு நடுங்குகிறதா? மூச்சு வேகமாக வாங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? கை கால் சில்லிட்டுப் போகிறதா? சிறுநீர் மிகவும் குறைந்து விட்டதா? பச்சிளம் குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடக்கிறதா?

இவை செப்சிஸாக இருக்கலாம். "விடியட்டும், பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செப்சிஸில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். சரியான மருந்து சீக்கிரம் உள்ளே போனால் பிழைக்கலாம். பிழைத்தவர்கள் ஏராளம்.

அந்தச் சரியான மருந்து அன்றைக்கும் பலிக்க வேண்டும். அதற்காகத்தான், இன்றைக்குத் தேவையில்லாத மாத்திரையை வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறோம். கடைமடையில் காத்திருப்பது யாரோ ஒருவர் என்று நினைக்காதீர்கள். நாளை அது உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.